ரிப்பன் வெட்டுறதுக்கு முன்னாடி மோட்டார் ரூமுக்கு வாங்க சாமி!

பெங்களூரில் ஃப்ளாட் வாங்கப் போகும் நம்மாட்கள் கேட்கும் முதல் கேள்வி விலை. இரண்டாவது, "காவிரித் தண்ணி கனெக்‌ஷன் இருக்கா?" மூன்றாவது, "ஸ்விம்மிங் பூல் இருக்கா?" இருக்கு சார் என்று விற்கிறவர் சொன்னதும் முகத்தில் ஒரு பிரகாசம். ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் சொல்கிற முதல் விஷயமும் அதுதான். கிச்சன் எந்தப் பக்கம் பார்த்திருக்கு என்பதெல்லாம் அப்புறம்.

சரி, இருக்கட்டும். எனக்கு நீச்சல் குளத்தின் மேல் ஒரு கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் அதைத் திறந்து வைக்கிற விதத்தின் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, நீல டைல்ஸ், பலூன், கேக், பில்டர் ஆபீஸிலிருந்து ஒருத்தர், ரிப்பன், கைதட்டல், குழந்தைகள் தொபுக்கடீர். சங்கத்துக்காரர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். 'குளமும் அதன் இயந்திரங்களும் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டன.' மக்களே, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் மோட்டார் ரூம் கதவைத் திறந்து பார்த்தார்கள்? நான் எத்தனையோ இடத்தில் கேட்டுவிட்டேன். பதில் பெரும்பாலும் ஒரு அசட்டுச் சிரிப்பு.

எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். யார் பெயரும் வேண்டாம். மோட்டார் ரூமைப் பார்க்கணும் என்று விழாவுக்கு முன்பே கேட்டேன். "அதெல்லாம் ஆட்டோமேட்டிக் சார், நீங்க என்ஜாய் பண்ணுங்க" என்றார்கள். எண்ணி நாலாம் நாள் தண்ணீர் பச்சை. கூடுதலாக மருந்து போட்டார்கள், குழந்தைகளுக்குக் கண் சிவந்தது. இன்னும் கொஞ்சம் போட்டார்கள், தண்ணீர் பால் மாதிரி ஆனது. பத்தாம் நாள் குளத்தின் அடியில் மெல்லிசாக மணல் படிந்திருந்தது. "காத்துல வந்த தூசி சார்" என்றார் கான்ட்ராக்டர். பெங்களூர் காற்றில் ஒரே அளவாகச் சலித்த மணல் வருகிறதாம். அடேங்கப்பா!

சாவி வாங்கி உள்ளே போய்ப் பார்த்தால் கதை மொத்தமும் அங்கே எழுதியிருக்கிறது. ஃபில்டர் தொட்டியின் தலையில் ஒரு கைப்பிடி வால்வு இருக்கும், மல்டிபோர்ட் என்பார்கள். அதில் ஆறு நிலைகள்: ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட், ரீசர்க்குலேட், குளோஸ்டு. எங்கள் கைப்பிடி நின்றது ரீசர்க்குலேட்டில். அதாவது தண்ணீர் குளத்திலிருந்து வரும், மணலைத் தொடாமல் அப்படியே குளத்துக்குத் திரும்பிப் போகும். மோட்டார் ஓடுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வடிகட்டப்படவில்லை.

ஏன் அப்படி வைத்தாய் என்று ஆபரேட்டர் பையனைக் கேட்டேன். "ஃபில்டர்ல வெச்சா குளத்துக்குள்ள மணல் வருது சார். திட்டினாங்க. இப்படி வெச்சா வரல." அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி! அந்தத் தொட்டிக்கு அடியில் கீறல் கீறலாக வெட்டிய பிளாஸ்டிக் குழாய்கள் சக்கரத்தின் ஆரம் போல விரிந்திருக்கும். மணலைத் தடுத்து நிறுத்தி, தண்ணீரை மட்டும் விடுவது அவைதான். மணல் கொட்டுவதற்கு முன் தொட்டியில் பாதி வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். தண்ணீருக்குள் மணல் மெதுவாக இறங்கும். காய்ந்த தொட்டியில் மூட்டையை அவிழ்த்துத் தடாலென்று கவிழ்த்தால் அந்தக் குழாய்கள் உடையும். எங்கள் தொட்டியைப் பிரித்தபோது இரண்டு குழாய்கள் உடைந்திருந்தன. இரண்டு குடம் தண்ணீரும் கால் மணி நேரப் பொறுமையும் இல்லாமல் போனதால் குழாய் உடைந்தது. அதனால் மணல் வந்தது. மணலை மறைக்கக் கைப்பிடியைத் திருப்பினார்கள். வடிகட்டாத தண்ணீர் பச்சையானது. பச்சையை மறைக்க மருந்து. கடைசியில் குழந்தைகளின் கண்.

இதில் எனக்குக் கொலவெறி வருவது எங்கே தெரியுமா? சங்கத்துக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து அந்தப் பையனைக் குற்றம் சொன்னதுதான். ஒடிசாவிலிருந்து வந்தவன். கையில் ஒரு பிளாஸ்டிக் மக்கைக் கொடுத்து, "காலைல ரெண்டு, சாயந்திரம் ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான் அவன் படித்த பாடம். அவனும் நம்மை மாதிரி பிழைக்க ஊரை விட்டு வந்தவன்தானே? என்ன, நமக்கு ஏசி ரூமில் பொட்டி தட்டுகிற வேலை, அவனுக்குக் குளோரின் நெடி அடிக்கிற பாதாள அறை. கையுறை கிடையாது, கண்ணாடி கிடையாது, எழுதி ஒட்டிய ஒரு தாள் கிடையாது.

அந்த அறையில் நான் பார்த்த இன்னொரு விஷயம் வயிற்றைக் கலக்கியது. டிசிசிஏ 90 என்று எழுதிய டப்பாவும் ப்ளீச்சிங் பவுடர் மூட்டையும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டுக்கும் ஒரே மக். இரண்டும் குளோரின் தருவதுதானே என்று நினைக்காதீர்கள். முதலாவது அமிலத் தன்மை உள்ளது, இரண்டாவது காரம். இரண்டும் கலந்து அதில் ஈரமும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கக் கூடச் செய்யும். நச்சுவாயு தனி. பிஎச் இறக்குவதற்கு வைத்திருக்கும் ஆசிட் இதில் எதன் மேல் சிந்தினாலும் குளோரின் வாயுதான். ஒரே ஒரு மக்கை இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலே போதும். பக்கத்து அறையில் என்ன இருந்தது தெரியுமா? குழந்தைகள் விளையாடும் இடம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம், நமக்குப் பிடித்த விஷயம்தானே. எங்கள் குளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். ஆக 86.4 கன மீட்டர், அதாவது 86,400 லிட்டர். ஆறு மணி நேரத்தில் ஒரு சுற்று வர வேண்டுமென்றால் மணிக்கு 14,400 லிட்டர் ஓட வேண்டும். குளோரின் 1 பிபிஎம் ஏற்ற 86.4 கிராம் தேவை, 90 சதவீத மருந்தில் 96 கிராம். தேவைப்படுவதோ 1 முதல் 3 பிபிஎம். இதில் மக் எங்கே வந்தது? சமையலில் உப்பை மக்கில் அள்ளிப் போடுவோமா? நூறு கிராம் அளக்கிற ஒரு தராசு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது சாமி.

இந்த டிசிசிஏ சமாச்சாரத்தை விற்கிறவர் சொல்வதே இல்லை. குளோரினோடு சயனூரிக் அமிலம் என்று ஒன்றும் தண்ணீரில் சேருகிறது. குளோரின் 10 பிபிஎம் போட்டால் இது 6 பிபிஎம் சேரும். கொஞ்சம் இருந்தால் நல்லதுதான், வெயிலில் குளோரின் சிதைந்து போகாமல் பிடித்து வைக்கும். ஆனால் குளோரின் செலவாகிவிடும், இது செலவாகாது. தினம் 2 பிபிஎம் வீதம் போட்டால் இரண்டு மாதத்தில் இது 70ஐத் தாண்டும். 30 முதல் 50 வரை போதும் என்கிற இடத்தில் அதற்கு மேலே ஏற ஏற, குளோரின் இருக்கும், ஆனால் மந்தமாக வேலை செய்யும். டெஸ்ட் கிட் எல்லாம் நன்று என்று சொல்லும், ஓரத்தில் பாசி பிடிக்கும். குறைக்க ஒரே நடைமுறை வழி, பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவது. டெஸ்ட் கிட் என்றதும் ஞாபகம் வருகிறது: மஞ்சள் நிறம் காட்டும் மலிவான கிட் மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வீணாய்ப் போனதையும் சேர்த்துக் காட்டி நம்மை ஏமாற்றும். டிபிடி கிட் வாங்குங்கள், அது ரோஸ் நிறம் காட்டும், உருப்படியாக மிச்சமிருக்கும் குளோரினைத் தனியே சொல்லும்.

பாதித் தண்ணீரைத் திறந்து விடுவதாம்! எந்த ஊரில் உட்கார்ந்து இதைப் பேசுகிறோம்? 2024 மார்ச்சில் இதே பெங்களூரில் டேங்கருக்கு அலைந்ததை மறந்துவிட்டோமா? குடிநீரை நீச்சல் குளத்துக்கு ஊற்றக் கூடாது, மீறினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்ட ஊர் இது. நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கக் கணக்கு. எங்கள் குளத்தை ஒரு முறை காலி செய்து நிரப்பினால் 640 பேரின் ஒரு நாள் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கரில் ஏழு முறைக்கு மேல். ஒழுங்காக ஆரம்பித்து வைத்த குளத்தை வருஷக் கணக்கில் காலி செய்யத் தேவையில்லை, ஆவியாவதையும் பேக்வாஷில் போவதையும் நிரப்பினால் போதும். ஏனோதானோ என்று ஆரம்பித்த குளத்தை வருஷத்துக்கு இரண்டு தடவை காலி செய்கிறார்கள். இதைப் பாவம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

நான் இவ்வளவு பேசினால் உடனே ஒரு பதில் வரும். "அதுக்குத்தான் ஏஎம்சி கொடுத்திருக்கோமே?" கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் செய்தானா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? புது மணல், சுத்தமான ஃபில்டர், முதல் நாள் பிரஷர் கேஜ் என்ன காட்டியது? அந்த எண் எழுதி வைத்தால்தான், அதற்கு மேல் அரை பார் ஏறியதும் பேக்வாஷ் செய்யணும் என்று தெரியும். முதல் நாள் எண் இல்லாத குளம் ஜாதகம் இல்லாத பிள்ளை மாதிரி. (ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, அது வேறு விஷயம்.) எங்கள் ரூமில் கேஜ் கண்ணாடியே உடைந்து முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. அந்த லட்சணத்தில் மாதா மாதம் 'பிரஷர் நார்மல்' என்று டிக் அடித்த ரிப்போர்ட் வந்துகொண்டிருந்தது!

இதில் எதுவும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. நம்மில் பாதிப் பேர் பம்ப்செட் ஓடுகிற கிணற்றடியில் வளர்ந்தவர்கள். ஃபுட் வால்வில் தண்ணீர் இறங்கிவிட்டால் குடத்தில் மொண்டு பம்புக்குள் ஊற்றிக் காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டணும் என்று எங்க அப்பாவுக்குத் தெரியும், எட்டாங்கிளாஸ் படித்தவர். நீச்சல் குள பம்பும் அதே ஜாதிதான். வடிகட்டிக் கூடையை நிரப்பி, மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா பார்த்து, வால்வுகளைத் திறந்துவிட்டு ஓட்டணும். வெறுமையாக ஓட்டினால் சீல் கருகும், அதைக் குளிர வைப்பதே தண்ணீர்தான். மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஒயர் இடம் மாறினால் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் கொஞ்சம் தண்ணீர் வரும், அதுதான் வினை, யாரும் கவனிக்க மாட்டார்கள். மேலே போட்டிருக்கும் அம்புக்குறியும் பின்னால் ஃபேன் சுற்றும் பக்கமும் ஒன்றா என்று பார்க்க ஐந்து விநாடி போதும். ஓடும்போது மல்டிபோர்ட் கைப்பிடியைத் தொடாதே, நிறுத்திவிட்டுத் திருப்பு. புது மணலுக்கு முதலில் பேக்வாஷ், அப்புறம் ரின்ஸ், தண்ணீர் தெளிந்த பிறகுதான் ஃபில்டர். அவ்வளவுதான் சாமி! கோயம்புத்தூரில் நாட்டுக்கே பம்ப் செய்து அனுப்புகிற ஜனம், மாடியில் குடியேறியதும் "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்று கையை விரிக்கிறது.

தண்ணீர் நிரப்புவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை வேறு. அவற்றை அப்புறம் பார்க்க முடியாது. அடியில் தண்ணீர் இழுக்கும் துளைகள் இரண்டாவது இருக்கணும், ஒன்றை ஒரு உடம்பு அடைத்தாலும் மற்றொன்று இழுப்பைப் பகிர்ந்துகொள்ளும். மூடியின் ஸ்க்ரூக்கள் எல்லாம் இருக்கணும். அமெரிக்காவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002ல் இப்படி ஒரு துளையின் இழுப்பில் சிக்கி இறந்தாள். அவள் பெயரிலேயே 2007ல் அங்கே சட்டம் வந்தது. வசதி, அதிகாரம் எல்லாம் இருந்த வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது.

அடுத்தது கரண்ட். தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்தானா? 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதா? ஏணியின் இரும்புக்கு எர்த் இருக்கிறதா? லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் ஆள் அளந்து எழுதிக் கொடுத்தாரா? பெரிதுபடுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் 2023 டிசம்பர் கடைசியில் வர்த்தூர் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பின் நீச்சல் குளத்தில் இறந்துபோன சிறுமியை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் தாக்கியது என்று போலீஸ் சொன்னது. 2024 பிப்ரவரியில் கைதானவர்களில் அந்தக் குடியிருப்பின் சங்கப் பொறுப்பாளரும் உண்டு. நம்மை மாதிரி ஆபீஸ் போய்விட்டு வந்து சாயங்காலம் சங்க வேலை பார்க்கிறவர்கள்தான் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட நொடியிலிருந்து குளத்துக்குச் சொந்தக்காரர் நாம்தான்.

இப்போது நம்மாட்களைப் பற்றி. எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் நிறையவே உண்டு. பொங்கலுக்குப் பொதுவில் பானை வைப்போம், கொலுவுக்கு வீடு வீடாகச் சுண்டல் வாங்குவோம். சங்கக் கூட்டம் என்றால் மட்டும் பின்வரிசை. மேல் மாடி திருச்சிக்காரர், தங்கமான மனுஷர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், "தம்பி, நாம வந்த இடம். நமக்கெதுக்குப்பா வம்பு?" அவர் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது! லோன் கட்டுகிறார், சொத்து வரி கட்டுகிறார், பேத்தி அந்தக் குளத்தில்தான் குதிக்கிறாள். இன்னும் எத்தனை வருஷத்துக்கு சார் வந்த இடம்? மணல் வருகிறதே என்று கேட்பது எந்த மொழிக்காரனோடும் சண்டை இல்லை. கேட்ட பிறகு எனக்கு முதலில் துணைக்கு வந்தவர் தார்வாட்காரர் ஒருவர், இரண்டாவது ஒரு மலையாளி டீச்சர். நம்மாட்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்து, "கரெக்டா கேட்டீங்க" என்று ரகசியமாகக் கை கொடுத்தார்கள். அவ்வ்வ்வ்.

கேட்பதற்கு உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 2016ன் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14, உட்பிரிவு 3. வீட்டை ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலையின் தரத்திலோ சேவைகளிலோ குறை இருப்பதைத் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரி செய்ய வேண்டும். காய்ந்த தொட்டியில் மணலைக் கொட்டிக் குழாயை உடைத்தது வேலையின் தரம் இல்லாமல் வேறென்ன? ஆனால் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்' என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் வாதாடுவது கஷ்டம். எங்கள் சங்கம் இப்போது அதைத்தான் அனுபவிக்கிறது. "அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு சார், உங்க ஆள் கெடுத்துட்டான்" என்கிறார் பில்டரின் ஆள்.

அதனால் புதிதாகக் குளம் கைக்கு வரப்போகும் குடியிருப்புக்காரர்களே, விழாவைத் தள்ளிப் போடுங்கள். கேக் கெட்டுப்போகாது, வேறு வாங்கலாம். குளம் காய்ந்திருக்கும்போதே ஒரு முறை உள்ளே இறங்கிப் பாருங்கள். ஊற்றப் போகும் போர் தண்ணீரை லேபுக்கு அனுப்பிக் கடினத்தன்மையும் இரும்பும் பாருங்கள், இரும்பு இருக்கிற தண்ணீரில் குளோரின் போட்டால் டீ கலர்தான். மணல் கொட்டும் நாளன்று உங்களில் இரண்டு பேர் லீவு போட்டு நில்லுங்கள். பம்பை அவர்கள் ஓட்டிக் காட்டினால் போதாது, உங்கள் கையால் நிறுத்தி, பேக்வாஷ் செய்து, திரும்ப ஓட்டுங்கள். கூடவே ஆபரேட்டர் பையனும் நிற்கட்டும், அவன் பாஷையில் எழுதிய தாள் சுவரில் ஒட்டட்டும். இரண்டு வாரம் குழந்தைகளை விடாமல் ஓட்டிப் பார்த்து, தினமும் பிஎச் 7.2க்கும் 7.6க்கும் நடுவில் நிற்கிறதா என்று நோட்டில் எழுதுங்கள். புது சிமெண்ட் கிரவுட் அதை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், ஆச்சரியப்படாதீர்கள். அந்த நோட்டை ஒப்படைப்புத் தாளோடு சேர்த்து பில்டரின் ஆளையும் கையெழுத்துப் போட வையுங்கள்.

எங்கள் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. குழாய் மாற்றியாகிவிட்டது, மணல் புதிதாகப் போட்டாகிவிட்டது, ஆசிட் கேன் தனி அறைக்குப் போய்விட்டது, சந்தோஷம். பையனுக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கப் போன கூட்டத்தில் பாஸான 1,800 ரூபாய் இன்னும் கைக்கு வரவில்லை. பிரஷர் கேஜும் அதே உடைந்த கேஜ்தான். வருஷ விழாவுக்கு எல்ஈடி லைட் போட கொட்டேஷன் வாங்கியிருக்கிறீர்களாமே? முதலில் அந்த கேஜை மாத்துங்க.